வேதம் இருக்கிற போன்

1

இதை நான் போனில்தான் எழுதுகிறேன். நார்வே நாட்டில், பெர்கன் நகரத்தில், வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, வலது கட்டைவிரலால். முதல் வரி முடிவதற்குள் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி: நாளைக்கு மழைக்கால்சட்டை கொடுத்துவிட வேண்டுமாம். அடுத்த வரிக்குள் வேலை அட்டவணை மாறிவிட்டதாக ஒரு மணி. இரண்டையும் பார்த்துவிட்டு, எழுதியது எங்கே போனதென்று தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வந்திருக்கிறேன். நேற்று அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரிய திரை உள்ள போன் ஒன்று இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நம்பி வந்தவள் நான். இந்த ஊரும் அப்படித்தான் நம்புகிறது. எங்கள் குடியிருப்பின் வெளிக்கதவு போனால் திறக்கும். பேருந்துச் சீட்டு அதில். வங்கி, மருத்துவர், மகள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் நீலப் புள்ளி, இந்த நாட்டில் தங்க எங்களுக்குத் தரும் குடியிருப்பு அட்டைக்கான விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பக்கம், எல்லாம் அதில். என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர்கூட வருடத்தில் பாதி நாள் அதற்குள்ளேதான் இருக்கிறார். குளிக்கப் போனாலும் போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே கொண்டு போகிறேன். சோப்புக் கையோடு எடுத்துப் பேசியிருக்கிறேன். கீழே வைக்க முடியாத ஒரு சாமானைக் கையில் கொடுத்துவிட்டு இதற்குப் பெயர் வசதி என்கிறார்கள்.

இதில் புத்தகமும் படிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நானும் ஒரு தமிழ் நாவலை இறக்கி வைத்தேன். கதாநாயகி ரயில் ஏறிவிட்டாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு ஏறியவள், இந்தப் போனில் இன்னும் இறங்கவில்லை.

2

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிறந்தது பக்கத்திலிருக்கிற நாசரேத் ஊரில், வீடு மில்லர்புரம். அம்மா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டு செல்வராணி அக்கா காலையும் மாலையும் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு அதிகாரத்தை எடுத்து ஆளுக்கொரு வசனமாக முறை வைத்து வாசிக்க வேண்டும். விருந்தாளி வந்தாலும் தப்ப முடியாது, அவருக்கும் ஒரு வசனம் உண்டு. நான் இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை, வீடியோ அழைப்பில் நடந்தது. அங்கே விளக்கு வைத்த பிறகு, இங்கே மகள் பள்ளி விட்டு வந்த நேரம். அப்பா ஒரு வசனம், நான் ஒரு வசனம், மகள் ஜெமிமா ஒரு வசனம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நார்வே மொழியில் வாசிப்பாள். அப்பாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவள் முடிக்கிற வரைக்கும் தலை குனிந்து இருந்துவிட்டு, "நல்லா வாசிச்ச மக்கா" என்பார்.

சர்க்கரை வியாதி அப்பாவின் கண்ணுக்குப் போனதும் இதற்கு ஆபத்து வந்தது. வேதப்புத்தகத்தின் எழுத்து அவருக்கு எறும்பு வரிசையாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது சிலேட்டு அளவுக்கு ஒரு பெரிய போனை வாங்கிக் கொடுத்து, அதில் தமிழ் வேதாகமத்தை இறக்கினேன். எழுத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கக் கற்றுக் கொடுத்தேன். அப்பா பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு சங்கீதம் முழுவதும் வாசித்து முடித்தார். "இதுலயே பேசிக்கிடலாம், இதுலயே வாசிச்சிக்கிடலாம், ஒண்ணுன்னா இதுலயே என்னக் கூப்பிடலாம். எங்க போனாலும் இதக் கையோட கொண்டு போங்கப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

நான் இங்கே வந்து இறங்குவதற்குள் செல்வராணி அக்காவை வைத்து அந்தப் போனுக்கு வெள்ளைத் துணியில் ஒரு உறை தைத்திருந்தார். மேசையில் பழைய வேதப்புத்தகம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம். எங்கள் வீட்டில் வேதத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடியைக்கூட வைக்க மாட்டோம். அந்த மரியாதை போனுக்கும் வந்துவிட்டது. கை கழுவாமல் எடுக்க மாட்டார். சாப்பிடும்போது நான் கூப்பிட்டால் எச்சில் கையால் தொட மாட்டார், அது அடித்து ஓயும். படுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டுதான் எடுப்பார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

3

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே இருக்கிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. அதில் மணி பார்க்க முடியாது, பேச முடியாது, படம் எடுக்க முடியாது. அழுத்தினால் என் இடுப்பில் இருக்கிற கருவி அடிக்கும், நான் ஓடுவேன். அதற்கு அந்த ஒரு வேலைதான். குளிப்பாட்டும்போது மற்றதையெல்லாம் கழற்றுவோம், அதை மட்டும் கழற்றக் கூடாது.

நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பேருந்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாப்பிடுகிறார் போல என்று நினைத்தேன். இறங்கும் முன் மறுபடி கூப்பிட்டேன். வேலைக்குள் நுழைந்ததும் எங்கள் போன்களைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் ஓடி வந்து கூப்பிட்டேன், விட்டு விட்டுக் கூப்பிட்டேன். செல்வராணி அக்காவும் எடுக்கவில்லை. திரும்பிப் போய் ஒரு பாட்டிக்கு முதுகு தேய்த்தேன். அவர் கழுத்தில் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பிடித்து அழுத்த வேண்டும் போல இருந்தது. யார் வருவார்கள், நான்தான் வருவேன்.

மதியம் பெட்டியைத் திறந்தபோது அக்காவின் அழைப்பு வந்துகொண்டிருந்தது.

"ஏளா மெர்சி, பயப்படாத. அண்ணாச்சி நல்லா இருக்காவ. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ. கை ஒடிஞ்சிருக்கு, இடுப்புல அடி. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

"எப்பக்கா விழுந்தாங்க?"

"காலையிலயே விழுந்திருக்காவ போல. நான் முத்தையாபுரத்துல ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன்ளா. போன் பையிக்குள்ள கெடந்துச்சி, மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வந்து கதவத் தட்டுனா பின்னாலருந்து மொனங்குத சத்தம் வருது."

காலையிலிருந்து. வயதான மனுசன் ஈரத் தரையில். நான் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு மெதுவாக, நார்வே மொழியில் ஒரு தடவை சொல்ல முடியுமா என்றார். அவ்வளவு நேரமும் நான் தமிழில் பேசியிருக்கிறேன்.

அக்காவிடம் இருப்பது பட்டன் போன்தான், அதனால் அன்று மாலை ஒரு நர்ஸின் போனில் அப்பா வந்தார். கையில் மாவுக்கட்டு. பேச்சு தெளிவாக இருந்தது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முந்தியது.

"போன் எங்கப்பா இருந்துச்சி?"

"மேசையில."

"எங்க போனாலும் கொண்டு போங்கன்னு சொன்னேம்லா? பாத்ரூமுக்குக் கொண்டு போனா என்ன?"

அப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தார்.

"வேதத்த எப்படிளா பாத்ரூமுக்குள்ள கொண்டு போவேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. இது உனக்குத் தெரியாதா என்பது போலக் கேட்டார். எனக்குத் தெரியும். அந்தத் தோல் அட்டை போட்ட பழைய வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போ என்று என்னைச் சொன்னால் நானும் போக மாட்டேன். அதே வீட்டில் வளர்ந்தவள்தான். ஆபத்துக்கு என்று வாங்கிய சாமானுக்குள் வேதத்தைப் போட்டுக் கொடுத்தது நான். ஆபத்து நடக்கிற ஒரே இடத்துக்கு அது போக முடியாமல் செய்தது நான். வேறு யாருக்கு இப்படி ஒரு யோசனை வரும்.

4

உடனே கிளம்பியிருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பு அட்டை முடிந்து, புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம். இந்த இடைக்காலத்தில் நான் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே போகவும் யாரும் தடுக்க மாட்டார்கள். புது அட்டை இல்லாமல் திரும்பி வரத்தான் முடியாது. மகளின் பள்ளி இங்கே, கணவர் கடலில், வேலை இங்கே. குடியேற்ற அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் அன்பாக விளக்கினாள். கதவு பூட்டியிருக்கவில்லை, வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது." அப்பா விழுந்த அன்றும் அதுதான், நேற்றும் அதுதான். அட்டை வராத கவலையில் நான் தூங்கவில்லை என்று மகள் அவளுடைய தோழியிடம் சொல்வதைக் கேட்டேன். அதுவும் நார்வே மொழியில். என் கவலைகூட இந்த வீட்டில் என் மொழியில் பேசப்படவில்லை.

5

சரி, போக முடியாது. இங்கிருந்து செய்ய முடிந்ததைச் செய்வோம் என்று, அப்பாவுக்கு அனுப்புவதற்காக, படிப்பதற்கு மட்டுமே ஆன கருவி ஒன்று வாங்கினேன். காகிதம் போலச் சாம்பல் நிறத் திரை, கண்ணைக் கூசாது. அதில் வேதத்தை வைத்துவிட்டால், போனிலிருந்து எடுத்துவிடலாம். போன் வெறும் போன் ஆகிவிடும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் அதைக் காட்டி விளக்கினேன்.

"போன்ல உள்ளத எடுத்துருவியோ?"

"ஆமாப்பா. அங்கன நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், அக்காட்ட சொன்னா ஒரு அமுக்குல போயிரும்."

"ரெண்டு வருசமா அதத் தொறந்து வச்சி ஜெபம் பண்ணிருக்கேன். நீ ஒரு அமுக்கு அமுக்குனா அது ஒண்ணுமில்லாமப் போயிருமா?"

"அப்பா, அது ஒரு செயலி."

"கிழிஞ்சி போன வேதத்தயே நாம குப்பையில போடுததில்ல. அம்மா வச்சிருந்தது அட்டையே இல்லாம அலமாரியில இருக்கு. அத என்ன செய்யச் சொல்லுத, அடுப்பு தொடைக்கவா?"

பக்கத்தில் இருந்த ஜெமிமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அவள் பள்ளியில் காலையில் வகுப்புக்குள் போகும்போது போனைச் சுவரில் தொங்கும் துணிப்பையில் போட்டுவிட வேண்டும், மாலையில்தான் எடுக்கலாம். போனுக்கு உள்ளே வரக் கூடாத அறை உண்டு என்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவளுடைய உடைந்த தமிழில் கேட்டாள்.

"தாத்தா, உங்களுக்கு பைபிள் நெறைய மனப்பாடம்தானே? அப்போ தலையை வெளிய வச்சிட்டா போறீங்க?"

நான் அவள் தொடையில் கிள்ளினேன். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மாவுக்கட்டுக் கையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அவ கேக்கது நியாயந்தான்" என்றார். "ஆனா நான் கொண்டு போவ மாட்டேன்."

பிறகு அவரே வழி சொன்னார். "கிரேன்ல இருக்கும்போது கையில ஒரு வாக்கி டாக்கி தருவான். மேல கீழ பேசுததுக்கு மட்டுந்தான். பாட்டுக் கேக்க முடியாது, ஒண்ணும் முடியாது. ஆனா ஒருநாளும் மக்கர் பண்ணினதில்ல. எனக்கு அது மாதிரி ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு. பட்டன் போன். இந்தப் பெருசு வேதமாவே இருக்கட்டும்."

"பெருசுலயும் ஒரு சிம் போட்டு வச்சிக்கிடலாம்ப்பா. வீடியோவுல பேசலாம்."

"வேண்டாம்ளா. சங்கீதம் வாசிக்கும்போது எவனாவது கூப்பிட்டு லோன் வேணுமாங்கான். வேதத்துக்குள்ள அந்தச் சத்தமே வேண்டாம்."

"அப்ப முகம் பாக்கதுக்கு இன்னொரு பெரிய போன் வாங்கட்டுமா?"

"வாங்குவ. அதுலயும் வேதத்தப் போட்டுருவ."

வேதத்துக்கென்று நான் வாங்கிய கருவி என் மேசையிலேயே தங்கிவிட்டது. யோசித்தால் அவர் செய்ததும் நான் செய்ய நினைத்ததும் ஒன்றுதான்: ஒன்றுக்கு ஒரு வேலை. எந்தச் சாமானுக்கு எந்த வேலை என்பதில்தான் அவர் என்னைத் திருப்பிப் போட்டுவிட்டார். விலை கூடியது வேதம் ஆனது, மலிவானது போன் ஆனது. அது சரிதான் என்றும் எனக்குப் பட்டது. அவர் முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்பது அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை.

6

செல்வராணி அக்கா பட்டன் போன் வாங்கி வந்தாள். சிம் மாற்றுகிற அன்று வீடியோவில் இருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான், வேறு எதற்கும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்பா மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். இடது புருவத்தில் ஒரு நரைமுடி மட்டும் நீளமாக வளர்ந்து நின்றது. அம்மா இருந்தால் வெட்டிவிட்டிருப்பாள்.

"சிம்ம எடுக்கதுக்கு ஊசி வேணுமாம்லா?" என்று அக்கா தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்றேன்.

"என்னளா?"

என்ன சொல்வது. அப்பாவிடம் கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டும் காலையிலேயே கேட்ட கேள்விகள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வெளியே ஒரு லாரி போன சத்தம் கேட்டது. பிறகு கேட்க ஒன்றும் இல்லை.

"எடுக்கட்டுமா?" என்றாள் அக்கா.

அவள் போனைச் சாய்த்தபோது அப்பாவின் முகம் போய், மேலே மின்விசிறி தெரிந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் படம் நின்று போனது.

இப்போது குடும்ப ஜெபம் இப்படி நடக்கிறது. அங்கே வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் பெரிய போன், பக்கத்தில் பட்டன் போன். இங்கே நடுவில் என் போன், அதில் அப்பாவின் குரல் மட்டும். நான் அந்தச் சாம்பல் நிறக் கருவியில் என் வசனத்தை வாசிக்கிறேன். ஜெமிமா அவளுடைய போனில். ஆள் மூன்று, சாமான் ஐந்து. எல்லாம் ஒன்றுக்குள் அடங்கும் என்று சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

முகம் இல்லாமல் குரலை மட்டும் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. இருமினால் நெஞ்சில் சளியா, சும்மா இருமலா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது கேட்க வேண்டும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்தக் கருவியில் என் நாவலையும் ஏற்றி வைத்தேன். அதில் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. கதாநாயகி ரயிலை விட்டு இறங்கிவிட்டாள். ஆனால் இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை என் கை போனைத் தேடிப் போகிறது. அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும், முடியவில்லை. அந்த ஒன்றைத்தான் நான் எந்தத் திரையில் எதைத் திறந்தாலும் படிக்கிறேன்.

7

நேற்று மதிய இடைவேளையில் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பதறிப்போய்த் திறந்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதால் தொடர்பு கொள்ள வேண்டியதில்லை என்று இருந்தது. நான் சமீபத்தில் அவர்களைத் தொடர்பு கொள்ளவே இல்லை. எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தும் அப்பாவைக் கூப்பிட்டேன். உடனே எடுத்துவிட்டார்.

"சொல்லுளா."

குரல் முழங்கியது. பின்னால் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எங்கனப்பா இருக்கீங்க?"

"பாத்ரூம்லதான். கொண்டு போ, கொண்டு போன்னு உயிர எடுத்தேல்லா. கயிறு கட்டி ஆணியில தொங்கப் போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது போல இருந்தது. இனிமேல் விழுந்தாலும் கைக்கு எட்டும். ஆனால் அவர் தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுவது போலக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா இப்படிக் கத்துதீங்க? மெதுவாப் பேசுங்க. நல்லாக் கேக்குது."

"அப்படியா." குழாயை மூடினார், தண்ணீர்ச் சத்தம் நின்றது. "இங்கனருந்து உன்கூடப் பேசுனா கத்தணும்னு வாயி தானா வருது."

"இன்னைக்குத்தானப்பா முதல் தடவ அங்கனருந்து பேசுதீங்க?"

"இல்லளா. அன்னைக்கு விழுந்து கெடந்தேம்லா, அப்பவும் பேசினேன். மேசையில மணி அடிக்கது இங்கன நல்லாக் கேக்கும். நீதான்னு தெரியும். அடிக்கும்போதெல்லாம் வாரேம்மா, இந்தா வாரேம்மான்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் இருந்தேன். எந்திக்க முடியல. நீ கவலப்படுவேல்லா, அதான்."

நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். பேருந்தில், இறங்கும் முன், இடைவேளையில், பெட்டிக்கு முன்னால் நின்று. நானோ, அவர் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் இடுப்பில் கருவி அடித்தது, யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

"மெர்சி, லைன்ல இருக்கியா? கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றேன். சாப்பாட்டு அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.